பரணில் ஏறிய நினைவகம்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை முதல்வர் ஜெயலலிதா அன்று தொடங்கி வைத்தது நம் திருவள்ளூரில்தான். எல்காட் மூலம் வந்த அந்த முதல் கணினிகளில் ராம் 2 ஜி.பி., ஹார்ட் டிஸ்க் 320 ஜி.பி. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தன. ஸ்டார்ட்டர் பதிப்புக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. 2 ஜி.பி.க்கு மேல் ராம் வாங்கிப் பொருத்தினாலும் அது கண்டுகொள்ளாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு உதிரிபாகம் கடைந்து தரும் ஒரு சிறு லேத் பட்டறையில் இன்றும் அந்தக் கணினிதான் பில் போடுகிறது. அதன் முதலாளி மகள் பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கியது. சமீபமாக 'மெமரி போதவில்லை' என்று செய்தி வந்து, பாதி அடித்த பில் அப்படியே போய்விடுகிறதாம். புதிது வாங்க முப்பதாயிரமாவது வேண்டும். "தூக்கிப் போட்டுடலாமா சார்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் சரித்திரத்தோடு இங்கே எழுதுகிறேன்.

நம் அம்மாக்களின் அடுக்களை சின்னது. அன்றாடப் பாத்திரங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். பொங்கல் பானையும் கல்யாண அண்டாவும் பரணில். வேண்டும்போது ஒன்றை இறக்கி, வேண்டாததை ஏற்றிவிடுவார்கள். ராம் அடுக்களை, ஹார்ட் டிஸ்க்கில் ஒதுக்கிய இடம் பரண். இந்த ஏற்றி இறக்கலைக் கணினி தானே செய்துகொள்வதுதான் விர்ச்சுவல் மெமரி, அதாவது மெய்நிகர் நினைவகம்.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழுவினர் ஃபெராண்டி நிறுவனத்தோடு சேர்ந்து செய்த அட்லஸ் கணினியில்தான் இது முதலில் நடைமுறைக்கு வந்தது. 1962 டிசம்பரில் திறப்பு விழா. அதன் வேகமான நினைவகம் வெறும் 16,384 சொற்கள் கொண்டது. பக்கத்தில் சுழலும் காந்த உருளை பல மடங்கு பெரியது, ஆனால் மெதுவானது. அதுவரை எந்தத் துண்டை எப்போது உருளையிலிருந்து கொண்டுவருவது என்று நிரல் எழுதுபவரே தலையை உடைத்துக்கொள்ள வேண்டும். அட்லஸ் நினைவகத்தை 512 சொற்கள் கொண்ட 'பக்கங்களாக'ப் பிரித்து, அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. நினைவகம் தங்க விலை விற்ற காலத்தில் இது எவ்வளவு பெரிய உபகாரம் என்று யோசித்துப் பாருங்கள்.

சென்னைக்கு வருவோம். ஐ.ஐ.டி.யில் 1973-ல் ஐ.பி.எம். 370/155 வந்தது. இந்த மாடல் 1970-ல் அறிவிக்கப்பட்டபோது அதில் விர்ச்சுவல் மெமரி கிடையாது. 1972-ல் அந்த வசதியோடு 158-ஐ அறிவித்த ஐ.பி.எம்., 155 வைத்திருந்தவர்கள் தனியாகப் பணம் கட்டி ஒரு கூடுதல் பெட்டி வாங்கலாம் என்றது. வாடிக்கையாளர்கள் கடுப்பானதில் நியாயம் இருக்கிறது. 1985-ல் இன்டெல் 386 சிப்பும் 1990-ல் விண்டோஸ் 3.0-வும் வந்தபின் இந்த வித்தை மேசைக் கணினிக்கும் இறங்கியது. நம் பட்டறைக் கணினியில் அது இலவசமாகவே இருக்கிறது!

இனி செய்முறை. வேலையை எல்லாம் சேமித்து மூடிவிட்டு, ஸ்டார்ட் பொத்தானை அழுத்தித் தேடும் கட்டத்தில் sysdm.cpl என்பதை, அதாவது எஸ், ஒய், எஸ், டி, எம், புள்ளி, சி, பி, எல் என்ற ஆங்கில எழுத்துகளைச் சிறிய எழுத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்பதன் கீழ் 'செட்டிங்ஸ்'. மறுபடி 'அட்வான்ஸ்டு', அதில் 'சேஞ்ச்'. மேலே 'ஆட்டோமேட்டிக்' என்று தொடங்கும் வரியின் டிக்கை எடுத்துவிட்டு 'கஸ்டம் சைஸ்' தேர்ந்தெடுங்கள். 2 ஜி.பி. ராமுக்கு ஆரம்ப அளவு 3072, உச்ச அளவு 4096 போடலாம். ராமைப் போல் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு. 'செட்' அழுத்த மறக்காதீர்கள், வெறும் ஓகே போட்டால் எண் நிற்காது. பிறகு கணினியை அணைத்துப் போடுங்கள். டிஸ்க்கில் அவ்வளவு இடம் காலியாக இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பட்டறையில் சி டிரைவ் முழுக்கக் கல்யாண வீடியோ! அதை முதலில் வேறிடம் மாற்ற வேண்டியிருந்தது.

இதனால் வேகம் கூடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ராமோடு ஒப்பிட்டால் சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தகவலைத் தேடி எடுக்கச் சுமார் 1 லட்சம் மடங்கு நேரம் பிடிக்கும். ஒரே நேரத்தில் பத்து ஜன்னல்களைத் திறந்தால் கணினி பரணில் ஏறி இறங்குவதிலேயே பொழுதைக் கழிக்கும், சமையல் நடக்காது. பட்டறைக்காரருக்கு 'போதவில்லை' செய்தி நின்றது, பில் பத்திரமாக அச்சாகிறது. அவருக்கு அது போதும்.

ஆனால் விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஓடு பொதுவாக நிறுத்திவிட்டது. பில் அடிக்கலாம், பழைய பாட்டு கேட்கலாம். வங்கிக் கணக்கையும் பென்ஷன் விவரத்தையும் அந்தக் கணினியில் திறக்க வேண்டாம். பட்டறைக்காரரிடம் இணைய ஒயரைக் கழற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன், ஜி.எஸ்.டி. கணக்கை எப்படியும் ஆடிட்டர்தான் அவர் அலுவலகத்திலிருந்து ஏற்றுகிறார்.