கமுந்திங் வட்டாரத் தோட்டப்புறத் தமிழர் உணவும் நிலவுரிமையும்: ஒரு வரலாற்று நோக்கு

2019ஆம் ஆண்டு சனவரித் திங்களில் 'லான்செட்' மருத்துவ இதழும் ஈட் அமைப்பும் அமைத்த ஆணையம் ஓர் அறிக்கையை வெளியிட்டது. முழுத்தானியம், பருப்பு, காய்கறி ஆகியவற்றை மிகுதியாகவும் செவ்விறைச்சி, சர்க்கரை ஆகியவற்றைக் குறைவாகவும் உண்ணும் முறையே மாந்தர் உடலுக்கும் புவிக்கும் ஏற்றது என்பது அதன் சாரம். அதே ஆண்டு பெர்லினில் வழங்கப்பட்ட நிலைத்தன்மைச் சுற்றுலாத் தல விருதுகளில், நகரங்கள் பிரிவில் தைப்பிங் மூன்றாம் இடத்தைப் பெற்றது. தைப்பிங்கை அடுத்துள்ள கமுந்திங் வட்டாரத்தின் பால்மரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் உணவோ, இவ்விரு செய்திகளுக்கும் பன்னெடுங்காலம் முன்பே ஏறத்தாழ அவ்வாறுதான் இருந்தது. ஆயின் அவர்கள் அதனைத் தாமாகத் தேர்ந்தனரா, எவர் நிலத்தில் விளைவித்து உண்டனர் என்னும் வினாக்கள் எழுப்பப்படாமல் அவ்வுணவைப் போற்றுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கமுந்திங் என்னும் ஊர்ப்பெயர் கெமுந்திங் என்னும் செடியின் பெயரால் அமைந்தது. லாரூட் ஈயச் சுரங்கக் காலத்தில் இவ்வூர் கிலியான் பாரு எனவும் தைப்பிங் கிலியான் பாவ் எனவும் வழங்கின. சுங்கை சிப்புட்டின் கமுனிங் தோட்டத்தை இதனோடு மயங்குவார் உளர். அது வேறு, இது வேறு. பிற்காலத்தில் தடுப்புக்காவல் முகாமால் மட்டுமே நாடு இவ்வூரை அறிந்தது என்பது வருந்தத்தக்கது. ஈயமும் பால்மரமும் உணவு தரா. ஆதலின் இவ்வட்டாரத்து உழைப்பாளர் அனைவரும் தொடக்கம் முதலே வெளியிலிருந்து வரும் அரிசியை நம்பியே வாழ்ந்தனர்.

இங்கு ஒரு முரண் உண்டு. கமுந்திங்கிற்கு வடக்கே, தொடர்வண்டிப் பாதையில் சிறிது தொலைவிலேயே, புக்கிட் மேரா நீர்த்தேக்கம் அமைந்துள்ளது. 1906இல் நிறைவுற்ற கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் அந்நீரைக் கொண்டு ஏறத்தாழ 70,000 ஏக்கர் நெல்வயலை வளப்படுத்துமாறு வகுக்கப்பட்டது. நெல் கண்ணெதிரே விளைந்தது. தோட்டத் தமிழர் உலையில் கொதித்ததோ இரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த புழுங்கலரிசி. அதனை விளைத்த ஐராவதிப் படுகையின் உழவுக்கு நாட்டுக்கோட்டை நகரத்தார் கடன் கொடுத்தனர். அங்குள்ள அரிசி ஆலைகளிலும் துறைமுகத்திலும் உழைத்தோருள் தென்னிந்தியர் பெருந்தொகையினர். தோட்டத் தமிழர் 'அருகில் விளைந்ததையே உண்டனர்' என்பாரின் கூற்று, சோற்றைப் பொறுத்தவரை பிழையாகும்.

அப்புழுங்கலரிசி பற்றி விரித்துரைக்க வேண்டியுள்ளது. மலாயாவின் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர் பெரிபெரி நோயால் பெருந்தொகையில் மாண்டனர். சயாமிலிருந்து வந்த, நன்கு தீட்டிய வெள்ளைப் பச்சரிசி அவர்கள் உணவு. தமிழரிடையே அந்நோய் அரிது. வீட்டில் குற்றிய அரிசியை உண்ட மலாய் உழவரிடையேயும் அவ்வாறே. மருத்துவர் பிராடன் நெகிரி செம்பிலானில் இவ்வேறுபாட்டை ஆராய்ந்து 1907இல் நூலாக வெளியிட்டார். கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஒரு சாராருக்குப் புழுங்கலரிசியும் மறுசாராருக்குத் தீட்டிய அரிசியும் வழங்கி ஃபிளெட்சர் ஆய்ந்தார். அவ்வாய்வும் 1907இல் வெளிவந்தது. (மறுக்க இயலா நிலையிலிருந்த நோயாளரை வைத்து இத்தகைய ஆய்வு நிகழ்த்தியது இன்று எந்த நெறிக்குழுவும் ஒப்பாதது.) பிரேசர், ஸ்டாண்டன் ஆகியோர் 1909இல் தவிட்டிலுள்ள ஒரு பொருளின் இழப்பே நோய்க்குக் காரணம் என்னும் முடிவை நோக்கி நகர்ந்தனர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தயமின் என்னும் உயிர்ச்சத்து தவிட்டிலிருந்து அரிசியின் உட்பகுதிக்குச் சென்று தங்கிவிடுகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நம் பாட்டிமார் பழக்கமென்று கைக்கொண்ட ஒரு சமையல் தொழில்நுட்பம், உலக மருத்துவ வரலாற்றில் உயிர்ச்சத்துக் கண்டுபிடிப்புக்கு வழிகாட்டிய சான்றுகளுள் ஒன்றாயிற்று. தமிழ்ப் பாடநூல்களில் இச்செய்திக்கு இடமளிப்பது தகும்.

சோறு கடல் கடந்து வந்ததாயினும், சோற்றோடு சேர்ந்தவை லயத்தின் பின்புறத்திலிருந்தே வந்தன. முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, கத்தரி, வெண்டை, அவரை, பாகல், வாழை ஆகியன தோட்டப்புறக் கொல்லையின் பொதுவான பயிர்கள். மாட்டுச் சாணமும் அடுப்புச் சாம்பலும் எரு. கோழியும் ஆடும் இருந்தன. இறைச்சி திருநாளுக்கும் விருந்தினருக்கும் உரியது. மற்ற நாளில் கருவாடு. ஒரே பொருளும் வீணாகாத இச்சுழற்சியை இன்றைய சூழலியலார் வியந்து போற்றுவர்.

ஆயின் அக்கொல்லை எவருடையது? 1923ஆம் ஆண்டின் கூட்டு மலாய் மாநிலத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குடும்பமுள்ள தொழிலாளி ஒருவருக்குப் பயிரிடவோ மேய்ச்சலுக்கோ ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைத் தோட்ட நிருவாகம் ஒதுக்க வேண்டுமென விதித்தது. இது ஏறத்தாழ 2,700 சதுர அடி. இவ்விதியை நலத்திட்டமாக மட்டும் கொள்வதற்கில்லை. இதற்குச் சில ஆண்டு முன்பு, 1919 முதல் 1921 வரை, மலாயா கடும் அரிசி நெருக்கடிக்கு உட்பட்டது. 1918இல் இந்தியாவில் பருவமழை பொய்த்தது. பர்மா அரிசியின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. அரசு அரிசியை வாங்கிய விலைக்கும் குறைவாக விற்று இழப்பேற்றது. கப்பல் வராவிடில் தோட்டம் நின்றுவிடும் என்பதை முதலாளிகள் அன்று உணர்ந்தனர். கொல்லை நிலம் பட்டினிக்கு எதிரான காப்பு. கூலியின் குறையை நிரப்பும் வழியும் அதுவே. தொழிலாளிக்கு அந்நிலத்தில் பயன்பாடு உண்டு, பட்டா இல்லை. வேலை போயின் கொல்லையும் போயிற்று. 1930களின் தொடக்கத்தில், உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போது, ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டோர் நட்ட வாழையைப் பிறர் வெட்டினர்.

இதற்கு மாறான ஒரு நிகழ்வும் இதே வட்டாரத்தில் உண்டு. 1880களில் பாகான் செராயில் பிரெஞ்சுக் குரு ஃபே, தமிழ்க் கத்தோலிக்கருக்கென உழவர் குடியேற்றம் ஒன்றை நிறுவினார். தமிழர் மலாயாவில் நிலத்தில் வேரூன்றி உழவராக வாழ இயலும் என்பதற்கு அது சான்று. ஆயினும் அரசும் தோட்ட நிறுவனங்களும் அவ்வழியைப் பெரும்பான்மைத் தமிழருக்குத் திறந்துவிடவில்லை. சொந்த நெல்வயல் உடைய உழவன் பால் வெட்ட வரமாட்டான் என்பது அவர்கள் அறிந்ததே.

1941 திசம்பரில் சப்பானியப் படை தைப்பிங்கைக் கைப்பற்றியது. பர்மா அரிசி வரத்து சுருங்கி, பின்னர் அறவே அருகியது. மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. பால்மரங்கள் வெட்டப்பட்டுக் கிழங்கு நடப்பட்டது. சயாம் மரண இரயில் பாதைக்கு ஆடவர் கொண்டு செல்லப்பட்ட குடும்பங்களில் கொல்லையைப் பேணிப் பிள்ளைகளைக் காக்கும் சுமை பெண்கள் தோளில் விழுந்தது. உள்ளூர் உணவு என்பதன் கசப்பான முகம் இது. மரவள்ளியை இன்றும் விரும்பாத முதியோர் உளர். அவர்கள் நாவில் இருப்பது சுவையன்று, நினைவு.

போருக்குப் பின் அவசரகாலம் (1948-1960) வந்தது. லயங்கள் வேலிக்குள் அடைக்கப்பட்டன. கம்யூனிசப் போராளிகளுக்கு உணவு சென்றடையாதவாறு, வேலைக்குச் செல்வோர் உணவை வெளியே எடுத்துச் செல்வது தடுக்கப்பட்டது. இக்கட்டுப்பாடுகள் அரசாங்கத்தின் ஆணையால் வந்தமையின் வரலாற்றில் பதிவாயின. களைக்கொல்லியால் நேர்ந்த மாற்றமோ ஆரவாரமின்றி நிகழ்ந்தது. பால்மர நிரைகளுக்கிடையே குப்பைக்கீரை, மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி ஆகியன தாமே முளைக்கும். களை பறிக்கும் பெண்கள் அவற்றை மடியில் கட்டிக்கொண்டு வீடு திரும்புவர். எது களை, எது கறி என்னும் அறிவு அவர்கள் கையில் இருந்தது. மண்வெட்டியின் இடத்தைச் சோடியம் ஆர்சனைட்டும் பின்னர்ப் பாராகுவாட்டும் பிடித்தபோது அக்கீரை நஞ்சாயிற்று. மாடு மேய்க்கவும் அஞ்ச வேண்டியதாயிற்று. நஞ்சைத் தெளிக்கும் வேலையும் பெரும்பாலும் அதே பெண்களுக்கே தரப்பட்டது. பாராகுவாட்டுக்கு 2002இல் அறிவிக்கப்பட்ட தடை 2006இல் தளர்த்தப்பட்டு, 2020 சனவரி முதல் நாளில்தான் முழுமையாக நடப்புக்கு வந்தது.

1950களில் ஐரோப்பியத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் உருவான தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது. இது பெருமுயற்சி எனினும், காத்தது வேலையையே. கொல்லையைத் தனித்தனிக் குடும்பத்தின் உரிமையாக்குவது அதன் திட்டமன்று. பின்னர்ச் செம்பனையும் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. தோட்டம் விற்கப்படுகையில் தொழிலாளர் இழப்பீடு பணிக்காலத்தைக் கொண்டு கணக்கிடப்பட்டது. அவர்கள் நட்டு வளர்த்த முருங்கைக்கும் பதினாறில் ஒரு பங்கு ஏக்கருக்கும் அக்கணக்கில் நிரல் இல்லை.

தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழர் உணவில் பருப்பும் கீரையும் குறைந்து, சர்க்கரையும் மைதாவும் பொரித்த கோழியும் மிகுந்ததை அவர்தம் அறியாமையாகக் கூறும் போக்கு நம் கருத்தரங்குகளில் உண்டு. நாம் இதற்கு உடன்படவில்லை. கமுந்திங்கின் வரிசை வீடுகளில் பின்புறம் சிமெண்டுத் தளமும் சாக்கடையுமே உள்ளன. வீட்டெதிரே, சாலையோரக் குறுகிய புல்தரையில், முருங்கையும் கறிவேப்பிலையும் இன்றும் நிற்பதை நாம் அவ்வழியே செல்லுந்தோறும் காண்கிறோம். அம்மண் நகராண்மைக்குரியது, சாலையை அகலப்படுத்தும்போது அவை வெட்டப்படும். நட்டவர்கள் அதை அறிந்தே நட்டிருக்கின்றனர்.