கார் கடைக்குப் பின்னால் ஒரு குதிரை லாயம்

'நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினதே சாக்கு' என்று ஒரு பழமொழி உண்டு. வேலையில் இருந்து நழுவப் பார்ப்பவர்களைக் கிண்டல் செய்வதற்காகச் சொல்வது. ஆனால் நிஜமாகவே நொண்டிய ஒரு குதிரை, உலகத்திலேயே கடினமான குதிரைப் பந்தயங்களில் ஒன்று என்று பெயர் வாங்கிய பந்தயத்தை ஒரு முறை அல்ல, மூன்று முறை ஜெயித்திருக்கிறது. அதைத் தயார் செய்தது பெரிய பண்ணை எதுவும் இல்லை. பழைய கார் விற்கிற ஒரு கடையின் பின்பக்கத்தில் இருந்த சின்ன லாயம்!

குதிரையின் பெயர் ரெட் ரம். பந்தயத்தின் பெயர் கிராண்ட் நேஷனல். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்தை ஒட்டிய எய்ன்ட்ரீ மைதானத்தில் வருடத்துக்கு ஒரு முறை நடப்பது. 1970களில் அதன் தூரம் சுமார் 7.2 கிலோமீட்டர். வழியில் 30 தடுப்புகளைத் தாண்ட வேண்டும். கிளம்புகிற குதிரைகளில் பாதி கூட முடிவுக்கோட்டை எட்டாத வருடங்கள் உண்டு.

சாதாரணமாக இந்தப் பந்தயத்துக்குக் குதிரை அனுப்புகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள்? லாம்போர்ன் போன்ற ஊர்களில், மைல் கணக்கில் புல்வெளி, டஜன் கணக்கில் வேலையாட்கள், பணக்கார முதலாளிகளின் விலை உயர்ந்த குதிரைகள் என்று வைத்திருக்கும் பயிற்சியாளர்கள். இந்தப் பட்டியலில் சேராத ஒருவர்தான் டொனால்ட் மெக்கெயின். எல்லோரும் கூப்பிட்ட பெயர் 'ஜிஞ்சர்'.

டாக்ஸி டிரைவரும் கிழவரும்

மெக்கெயின் 1930-ல் சவுத்போர்ட்டில் பிறந்தவர். லிவர்பூலுக்கு வடக்கே, ஐரிஷ் கடலோரத்தில் இருக்கும் ஊர். குதிரை என்றால் உயிர். ஆனால் குதிரை சோறு போடவில்லை. அதனால் டாக்ஸி ஓட்டினார், பழைய கார்களை வாங்கி விற்றார். ஊரின் பர்க்டேல் பகுதியில் கார் ஷோரூம், அதன் பின்னால் லாயம். முன்பக்கம் வருகிறவர் கார் வாங்க வருவார், பின்பக்கம் குதிரை கனைத்துக்கொண்டிருக்கும்.

ஓட்டிப் பழக்கப் புல்வெளி கிடையாது. காலையில் குதிரைகளை வெளியே எடுத்தால் ஊர்த் தெருக்களில் கார்களுக்கு நடுவே நடத்திக் கடற்கரைக்குப் போக வேண்டும். அங்கே கண்ணுக்கு எட்டும் வரை ஈர மணல். அதுதான் அவருடைய பயிற்சி மைதானம். வாடகை இல்லை!

அவருடைய டாக்ஸியில் சனிக்கிழமை இரவுகளில் ஏறும் வாடிக்கையாளர் ஒருவர் இருந்தார். நோயல் லெ மேர் என்ற வயதான என்ஜினியர், கட்டுமானத் தொழிலில் சம்பாதித்தவர். அவருக்கு இளமையில் மூன்று ஆசைகள் இருந்ததாகச் சொல்வார்கள். அழகான பெண்ணைக் கல்யாணம் செய்ய வேண்டும், லட்சாதிபதி ஆக வேண்டும், கிராண்ட் நேஷனல் ஜெயிக்க வேண்டும். முதல் இரண்டும் முடிந்துவிட்டன. மூன்றாவது மட்டும் பாக்கி, வயதோ 84. பின்சீட்டில் அவரும் முன்சீட்டில் மெக்கெயினும் பேசிப் பேசி, கடைசியில் 'நேஷனலுக்கு ஏற்ற குதிரை ஒன்று பார்' என்று மெக்கெயினிடமே பொறுப்பு வந்து சேர்ந்தது.

கைமாறிக் கைமாறி வந்த குதிரை

ரெட் ரம் 1965 மே 3-ல் அயர்லாந்தின் கில்கென்னி மாவட்டத்தில் பிறந்தது. தாய் மேரெட், தந்தை குவோரம். இரண்டு பெயர்களின் கடைசி மூன்று எழுத்துகளையும் சேர்த்து வைத்ததுதான் ரெட் ரம். ஒரு வயதுக் குட்டியாக ஏலத்தில் 400 கினிக்குப் போனது. அதை வாங்கியது நீண்ட தூரத்துக்கும் இல்லை, தடுப்புத் தாண்டவும் இல்லை. சமதரையில் குறுகிய தூரம் ஓடத்தான்.

முதல் பந்தயம் 1967 ஏப்ரலில். இடம்? அதே எய்ன்ட்ரீ! தூரம் வெறும் 1 கிலோமீட்டர். இன்னொரு குதிரையோடு சமமாக முடித்து முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. மறுநாள் அதே மைதானத்தில் நடந்த கிராண்ட் நேஷனலைப் பார்க்க வந்தவர்களில் யாருக்கும் முந்தின நாள் ஓடிய இந்தக் குட்டி ஞாபகம் இருந்திருக்காது.

அதன் பிறகு தடுப்புப் பந்தயங்களுக்கு மாறியது. முதலாளி மாறினார், பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். டிம் மொலோனி, பாபி ரென்டன், டாமி ஸ்டாக், ஆன்டனி கில்லம்... மெக்கெயின் ஐந்தாவது ஆள். நடுவில் அதை வைத்திருந்த பிரதர்டன் அம்மையார் 1950-ல் ஃப்ரீபூட்டர் என்ற குதிரையால் கிராண்ட் நேஷனலை ஏற்கெனவே ஜெயித்தவர். அதே பந்தயத்தை மூன்று முறை ஜெயிக்கப் போகிற குதிரையைத் தன் கையாலேயே ஏலத்துக்கு அனுப்பினார் என்பதுதான் வேடிக்கை. காரணம் இருந்தது. குதிரைக்கு வயது ஏழு. கால் தொந்தரவு. குளம்புக்குள் இருக்கும் எலும்பில் வருகிற பெடல் ஆஸ்டைடிஸ் என்ற அழற்சி. பந்தயக் குதிரைக்கு இது வந்தால் பெரும்பாலும் தொழில் முடிந்தது என்றே எடுத்துக்கொள்வார்கள்.

1972 ஆகஸ்டில் டான்காஸ்டர் ஏலத்தில் லெ மேருக்காக மெக்கெயின் 6,000 கினிக்கு ரெட் ரம்மை எடுத்தார். ஒரு கினி என்பது 1 பவுண்டு 5 பென்ஸ். அப்படியானால் 6,300 பவுண்டு. கினி நாணயம் எப்போதோ ஒழிந்துவிட்டாலும் குதிரை வியாபாரத்தில் மட்டும் அந்தக் கணக்கு போகவில்லை.

கடலுக்குள் விட்ட குதிரை

ஊருக்குக் கொண்டுவந்து கடற்கரையில் முதன்முதலாகத் துள்ளுநடை போடவிட்டபோதுதான் தெரிந்தது. குதிரை நொண்டுகிறது!

அந்த நிமிடத்தில் மெக்கெயினின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கிழவரின் 6,000 கினி. அவர் நம்பிக் கொடுத்த பணம். பெரிய பயிற்சியாளர் என்றால் ஒரு குதிரை போனால் இன்னொரு குதிரை. கார் கடைக்காரருக்கு இப்படி ஒரு வாடிக்கையாளர் மறுபடி கிடைப்பாரா?

அவர் செய்தது ஒன்றே ஒன்று. குதிரையை நேராகக் கடலுக்குள் நடத்தச் சொன்னார். குளிர்ந்த உப்புத் தண்ணீரில் கால் மூழ்க நடந்துவிட்டு வெளியே வந்தபோது நொண்டல் இல்லை.

இது மந்திரமும் இல்லை, அந்த நேரத்தில் தோன்றிய யோசனையும் இல்லை. சவுத்போர்ட் கடற்கரையில் அந்தக் காலத்தில் இறால் பிடிப்பவர்கள் வண்டிக் குதிரைகளோடு கடலுக்குள் இறங்குவார்கள். கால் கெட்டுப்போன மலிவான குதிரைகள் அந்த வேலைக்கு வந்து, தண்ணீரிலேயே நின்று வேலை செய்து கொஞ்ச காலத்தில் தேறிவிடுவதைச் சிறுவனாக இருந்தபோதே மெக்கெயின் கவனித்திருந்தார். கால் வீங்கினால் உப்புத் தண்ணீரில் வை என்று நம் வீட்டுப் பாட்டிகள் சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. குளிர்ந்த தண்ணீர் வீக்கத்தை அடக்கும். ஈர மணல் கெட்டித் தரையைப்போலக் குளம்பை இடிக்காது. இரண்டும் தினமும் கிடைத்தன. புல்வெளி இல்லாததைத்தான் அந்த லாயத்தின் குறை என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். இந்தக் குதிரைக்கோ அந்தக் குறைதான் வைத்தியம் ஆனது.

அந்த இலையுதிர் காலத்தில் புதிய லாயத்தின் சார்பில் ஓடிய ரெட் ரம் வரிசையாக ஐந்து பந்தயங்களை ஜெயித்தது.

1973: ஜெயித்தவனும் தோற்றவனும்

1973 மார்ச் 31. கிராண்ட் நேஷனல். ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த கிறிஸ்ப் என்ற பிரம்மாண்டமான குதிரை ஆரம்பத்திலேயே முன்னால் போய்விட்டது. அதைத் தயார் செய்தவர் லாம்போர்னின் ஃபிரெட் வின்டர். ஜாக்கியாகவும் பயிற்சியாளராகவும் இந்தப் பந்தயத்தை ஜெயித்தவர். மேலே ஜாக்கி ரிச்சர்ட் பிட்மன். ஒரு கட்டத்தில் பின்னால் வந்த குதிரைகளுக்கும் கிறிஸ்ப்புக்கும் இடையே 20 குதிரை நீளத்துக்கு மேல் இடைவெளி. துரத்தி வந்தது ரெட் ரம் மட்டும். ஜாக்கி பிரையன் ஃபிளெட்சர்.

கடைசித் தடுப்பைத் தாண்டும்போது கூட சுமார் 15 நீளம் முன்னிலை. அதற்கப்புறம் சுமார் 450 மீட்டர் வெறும் தரை ஓட்டம். அங்கேதான் கிறிஸ்ப்பின் கால்கள் தளர்ந்தன. பக்கவாட்டில் தள்ளாடியது. ரெட் ரம் நெருங்கி நெருங்கி, கோட்டுக்குச் சில எட்டு முன்னால் கடந்துபோனது. வித்தியாசம் முக்கால் நீளம். நேரம் 9 நிமிடம் 1.9 வினாடி. 1930களில் வைக்கப்பட்ட பழைய சாதனையைவிட 18 வினாடிக்கு மேல் குறைவு. தோற்ற கிறிஸ்ப்பும் பழைய சாதனையை உடைத்திருந்தது!

இங்கே ஒரு கணக்கைச் சொல்லாமல் போனால் அது நியாயம் இல்லை. கிராண்ட் நேஷனல் ஒரு ஹேண்டிகேப் பந்தயம். பலமான குதிரைக்கு அதிக எடை, பலம் குறைந்ததற்குக் குறைவான எடை. கிறிஸ்ப் சுமந்தது 12 ஸ்டோன், அதாவது 76 கிலோ. ரெட் ரம் சுமந்தது 10 ஸ்டோன் 5 பவுண்டு, சுமார் 66 கிலோ. பத்து கிலோ வித்தியாசம்! அதே வருடம் நவம்பரில் டான்காஸ்டரில் இரண்டும் சம எடையோடு மோதியபோது கிறிஸ்ப் 8 நீளத்தில் ஜெயித்தது. பிட்மனோ, கடைசி ஓட்டத்தில் சாட்டையை எடுத்ததுதான் குதிரையைத் தடுமாற வைத்தது என்று பிற்காலம் முழுக்கத் தன்னையே குறை சொல்லிக்கொண்டார். அதனால் 1973 வெற்றியைப் பலரும் 'பாவம் கிறிஸ்ப்' என்றுதான் பேசினார்கள்.

12 ஸ்டோன் இந்தப் பக்கம் வந்தபோது

1974. இப்போது அதிகபட்ச எடையான 12 ஸ்டோன் ரெட் ரம்மின் முதுகில். போன வருடம் எடையால் ஜெயித்தது என்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லெஸ்கார்கோ என்ற சிறந்த குதிரையை 7 நீளத்தில் பின்னுக்குத் தள்ளி ரெட் ரம் ஜெயித்தது. அதோடு விடவில்லை. அதே வருடம் ஸ்காட்லாந்தின் கிராண்ட் நேஷனலையும் ஜெயித்தது.

1975-ல் மறுபடி 12 ஸ்டோன். இந்த முறை லெஸ்கார்கோ முந்திவிட்டது. ரெட் ரம் இரண்டாவது. குதிரை பழைய மாதிரி இல்லை என்று ஃபிளெட்சர் பத்திரிகைக்காரர்களிடம் சொல்ல, மெக்கெயின் அவரை மாற்றிவிட்டார். 1976-ல் புது ஜாக்கி டாமி ஸ்டாக். ஒரு காலத்தில் இதே குதிரைக்குக் கொஞ்ச நாள் பயிற்சியாளராக இருந்தவர்! அந்த முறை ரேக் டிரேட் ஜெயித்தது, ரெட் ரம் மறுபடி இரண்டாவது.

மைதானத்தின் நிலைமையும் அப்போது நன்றாக இல்லை. 1973-ல் எய்ன்ட்ரீயை வாங்கியவர் ஒரு ரியல் எஸ்டேட்காரர். 1975-ல் டிக்கெட் விலையைக் கண்டபடி ஏற்ற, கூட்டம் படுத்துவிட்டது. பந்தயம் இனிமேல் நடக்குமா என்ற கேள்வியே வந்தது. பிறகு லாட்புரோக்ஸ் நிறுவனம் நிர்வாகத்தை ஏற்றது. 1983-ல் பொதுமக்களிடம் நிதி திரட்டி, மைதானம் ஜாக்கி கிளப் கைக்கு வந்தது. மக்கள் மனதில் இந்தப் பந்தயத்தின் மீது ஆசை செத்துப்போகாமல் இருந்ததற்கு அந்த வருடங்களில் ஓடிய ரெட் ரம் ஒரு முக்கியக் காரணம்.

1977 ஏப்ரல் 2. ரெட் ரம்முக்கு வயது 12. கிழட்டுக் குதிரை என்றார்கள். தடுப்புக்குத் தடுப்பு முன்னேறி, கடைசியில் பக்கத்தில் யாருமே இல்லாமல் 25 நீளத்தில் ஜெயித்தது. மூன்றாவது வெற்றி! ஐந்து நேஷனல், மொத்தம் 150 தாண்டல்கள், ஒரு முறை கூட விழவில்லை. மூன்று முறை ஜெயித்த வேறொரு குதிரை இதுவரை வரவில்லை. டாக்ஸியின் பின்சீட்டில் ஆசையைச் சொன்ன லெ மேர் மூன்றையும் பார்த்துவிட்டு 1979-ல் காலமானார்.

1978-ல் ஆறாவது முறைக்குத் தயாரானபோது பந்தயத்துக்கு முந்தின நாள் எலும்பில் மெல்லிய விரிசல் கண்டுபிடித்தார்கள். அதோடு ஓட்டம் நின்றது. அதன் பிறகு கடைத் திறப்பு விழா, டிவி நிகழ்ச்சி, ஒவ்வொரு நேஷனலுக்கும் முன் அணிவகுப்பு என்று நட்சத்திர வாழ்க்கைதான். 1995 அக்டோபர் 18-ல் 30 வயதில் இறந்தது. எய்ன்ட்ரீயில் வெற்றிக் கம்பத்துக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள்.

மெக்கெயின் 1990-ல் சவுத்போர்ட் லாயத்தை விட்டுச் செஷயர் மாவட்டத்தில் பெரிய இடத்துக்குப் போனார். 2004-ல் ஆம்பர்லி ஹவுஸ் என்ற குதிரையால் நான்காவது முறை ஜெயித்தார். 'ஒற்றைக் குதிரை ஆள்' என்று சொன்னவர்களின் வாய் அப்போதுதான் மூடியது. 2011 ஏப்ரலில் அவர் மகன் பயிற்சி கொடுத்த பாலாபிரிக்ஸ் நேஷனலை ஜெயித்தது. அதே வருடம் செப்டம்பரில் மெக்கெயின் காலமானார்.

1972-ல் ரெட் ரம்மின் விலையை டான்காஸ்டர் ஏலம் சரியாகத்தான் போட்டது. ஏழு வயது, கெட்ட கால், ஐந்தாவது லாயம்... அந்த விவரங்களுக்கு 6,000 கினி அதிகம் என்று கூடச் சொல்லலாம். அந்தக் கணக்கில் வராத ஒரு விவரம் கார் கடைக்காரரிடம் இருந்தது. சின்ன வயதில் இறால் வண்டிக் குதிரைகளின் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு பையனின் ஞாபகம் அது. அதை எந்த ஏலத்திலும் வாங்க முடியாது.