பொதுச் சராசரி இழப்பு

பொதுச் சராசரி இழப்பு என்பது, கடற்பயணத்தில் கப்பலையும் சரக்கையும் பொது ஆபத்திலிருந்து காக்கும் பொருட்டு வேண்டுமென்றே ஏற்கப்படும் இழப்பையோ செலவையோ, அதனால் பயனடைந்த அனைவரும் தத்தம் உடைமையின் மதிப்புக்கேற்பப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்னும் கடல்சார் சட்டக் கொள்கை ஆகும். இங்குச் 'சராசரி' என்பது கணிதச் சராசரி அன்று. கடற்சேதத்தைக் குறிக்கும் பழைய ஐரோப்பிய வணிகச் சொல்லின் மொழிபெயர்ப்பாக வந்தது.

நிபந்தனைகள்

1. ஆபத்து உண்மையானதாகவும், கப்பலுக்கும் சரக்குக்கும் பொதுவானதாகவும் இருத்தல் வேண்டும்.
2. இழப்பு விரும்பி ஏற்கப்பட்டதாகவும் நியாயமானதாகவும் இருத்தல் வேண்டும்.
3. அதன் பயனாக உடைமையில் ஒரு பகுதியேனும் காப்பாற்றப்பட்டிருத்தல் வேண்டும்.

கப்பலின் பாரத்தைக் குறைக்கச் சரக்கைக் கடலில் எறிதல், தீயணைக்க ஊற்றிய நீரால் சரக்கு கெடுதல், தரைதட்டிய கப்பலை மீட்க இழுவைப் படகு அமர்த்துதல் ஆகியன இதில் அடங்கும். அலை வாரிச் சென்ற சரக்கு 'தனிச் சராசரி இழப்பு' எனப்படும். அதனை உரியவரே ஏற்க வேண்டும்.

பங்கீட்டு முறை

எடுத்துக்காட்டாக, வில்லியனூர் கொம்யூனில் உள்ள சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையின் சிறு தொழிலகம் ஒன்று 20 இலட்சம் ரூபாய்ச் சரக்கைச் சென்னைத் துறைமுகம் வழியாக அனுப்புவதாகக் கொள்வோம். கப்பலின் மதிப்பு 60 கோடி. மொத்தச் சரக்கின் மதிப்பு 40 கோடி. ஆபத்தில் 2 கோடிச் சரக்கு கடலில் எறியப்பட்டு, மீட்புக்கு 3 கோடி செலவாகிறது. மொத்த இழப்பு 5 கோடி, அதாவது நூற்றுக்கு 5. தொழிலகத்தின் சரக்கு சேதமின்றிச் சேர்ந்தாலும் அது 1 இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டும். சரக்கை இழந்தவரும் தம் பங்காக 10 இலட்சத்தை ஏற்பதால், அவருக்கு 1 கோடியே 90 இலட்சம் கிடைக்கும்.

பங்குக்கு உறுதி அளிக்கும் வரை சரக்கைத் தடுத்துவைக்கும் உரிமை கப்பல் உரிமையாளருக்கு உண்டு. காப்பீடு செய்தவருக்காகக் காப்பீட்டு நிறுவனம் உறுதிப் பத்திரம் வழங்கும். செய்யாதவர் பெரும்பாலும் ரொக்க வைப்புத் தொகை கட்ட நேரும்.

வரலாறு

சரக்கெறிதல் பற்றிய ரோடுத் தீவின் வழக்கம், 6 ஆம் நூற்றாண்டில் பேரரசர் சசுட்டினியனின் உரோமைச் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றது. 1807 ஆம் ஆண்டின் பிரெஞ்சு வணிகச் சட்டத் தொகுப்பு இதனை 'அவரி கொம்யூன்' என்றது. பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் 1819 இல் புதுச்சேரியில் நடைமுறைக்கு வந்தன. வில்லியனூர், பாகூர் ஆகிய உள்ளாட்சிப் பிரிவுகளைக் குறிக்கும் 'கொம்யூன்' என்ற சொல்லும் 'பொது' என்னும் இதே பொருளடியில் பிறந்ததாகும். கணக்கீட்டுக்கான பன்னாட்டு விதிகளான யார்க்–ஆண்ட்வெர்ப் விதிகள் 1890 முதல் பலமுறை திருத்தப்பட்டு, இறுதியாக 2016 இல் புதுப்பிக்கப்பட்டன. இவை ஒப்பந்தத்தில் சேர்க்கப்படுவதன் மூலமே பயன்பாட்டுக்கு வருகின்றன.

இந்தியச் சட்டம்

1963 ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டம், 66 ஆம் பிரிவில் இவ்விழப்பை வரையறுக்கிறது. 2017 ஆம் ஆண்டின் கடல்சார் நீதி வரம்புச் சட்டப்படி இது தொடர்பான கோரிக்கைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் உள்ளிட்ட கடலோர மாநில உயர் நீதிமன்றங்கள் விசாரிக்கலாம்.

அண்மைய நிகழ்வுகள்

2021 மார்ச்சில் சூயசு கால்வாயில் ஆறு நாட்கள் சிக்கிய 'எவர் கிவன்' கப்பலின் உரிமையாளர் பொதுச் சராசரி இழப்பை அறிவித்தார். 2024 மார்ச் 26 அன்று, கொழும்பு நோக்கிப் புறப்பட்ட 'டாலி' கப்பல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் பாலத்தில் மோதியதை அடுத்தும் இவ்வறிவிப்பு வெளியானது. இத்தகைய அறிவிப்பால், விபத்தில் எவ்வகையிலும் தொடர்பில்லாத சிறு வணிகரும் செலவில் பங்கேற்க நேர்கிறது.

இவற்றையும் பார்க்க

- கடல்சார் காப்பீடு
- கப்பல் மீட்புச் சட்டம்