கையொப்பத்தை நம்பிய வழக்கறிஞர்

சா. ஜே. வே. செல்வநாயகத்தைத் 'தந்தை செல்வா' என்று சொல்லிப் பழகிய நாம், அவர் ஒரு சிவில் வழக்கறிஞர் என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அவருடைய அரசியலின் வலுவும் துயரமும் அந்தத் தொழிலிலிருந்தே கிளைத்தவை என்று நமக்குத் தோன்றுகிறது.

1898இல் மலாயாவின் ஈப்போ நகரில் பிறந்தவர். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் வளர்ந்தவர். கொழும்பில் ஆசிரியப் பணி செய்து, பின்னர் சட்டத்துறைக்கு வந்தார். அவருக்குத் தலைவராயிருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் குற்றவியல் வழக்குகளில் நாவன்மையால் புகழ்பெற்றவர். செல்வநாயகமோ மெல்லிய குரலினர், ஆவணங்களின் மனிதர்.

1947இல் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் காங்கேசன்துறையில் வென்று நாடாளுமன்றம் புகுந்தார். மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. பொன்னம்பலம் அமைச்சரவையில் சேர்ந்தார். செல்வநாயகம் பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952 தேர்தலில் தோற்றார். தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956இல், அதே தொகுதியில் மீண்டும் வென்றார்.

1957 ஜூலை 26 அன்று பிரதமர் பண்டாரநாயக்காவுடன் உடன்படிக்கை கண்டார். பண்டாரநாயக்காவும் சட்டம் பயின்றவரே. ஆயினும் 1958 ஏப்ரலில், பிக்குகள் அவர் இல்லத்தின் முன் அமர்ந்ததும், அந்த உடன்படிக்கையைக் கைவிட்டார். 1965 மார்ச்சில் டட்லி சேனநாயக்காவுடன் செய்த இரண்டாவது ஒப்பந்தமும் நிறைவேறவில்லை. அதன்படி வரவேண்டிய மாவட்ட சபைகள் திட்டம் 1968இல் கைவிடப்பட்டது. சிவில் வழக்கில் ஒப்பந்தத்தை மீறியவனை நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். இங்கே பிரதமரின் கையொப்பத்தை மீட்டுத்தர எந்த மன்றம் இருந்தது?

மிஞ்சிய ஒரே மன்றம் வாக்காளர்களே. சிறுபான்மையினருக்குச் சோல்பரி அரசியலமைப்பு அளித்திருந்த காப்பு 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பில் இடம்பெறவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் செல்வநாயகம் பதவி துறந்து, தம் மக்களின் தீர்ப்பைக் கேட்கும்படி அரசுக்கு அறைகூவல் விடுத்தார். அரசோ இடைத்தேர்தலை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடித்தது. 1975 பிப்ரவரி 6 அன்று தேர்தல் நடந்தபோது, நடுக்குவாத நோயால் தளர்ந்திருந்த அந்த முதியவர் 16,000க்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார்.

மறு ஆண்டு மே மாதம் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது. 1977 ஏப்ரல் 26 அன்று அவர் மறைந்தார். கூட்டாட்சி கேட்டு வாழ்நாளைச் செலவிட்ட ஒருவர், இறுதியில் பிரிவினைத் தீர்மானத்துக்குத் தலைமையேற்க நேர்ந்தது. அதை அவருடைய மனமாற்றம் என்று மட்டும் நாம் படித்துவிடக் கூடாது. கையொப்பமிட்டு மீறியவர்களின் வரலாறும் அதுவே. அதன் பின் வந்த தலைமுறை மனு எழுதவில்லை.