பழைய டிராக்டருக்கு உதிரிபாகம் வாங்குவது எப்படி?

உழவு நேரத்தில் டிராக்டர் படுத்துவிட்டால் வாடகை வண்டிக்கு அலைய வேண்டியிருக்கும். 30 வருட வண்டி என்றால், ‘இதுக்குச் சாமான் வராது’ என்று கடைக்காரரும் கையை விரித்துவிடுவார். உடனே வண்டியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பாகத்தின் மீதுள்ள எண்ணும் அளவும் தெரிந்தால் பலவற்றை இன்றும் வாங்கலாம்.

முதலில் குறித்துக்கொள்ளுங்கள்

என்ஜின் எண், சேஸ் எண், தயாரிப்பு வருடம் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே மாடலிலும் இடையில் பாகங்களை மாற்றியிருப்பார்கள். டீசல் பம்பில் உள்ள தகட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். புதிய பாகம் பொருந்தும் வரை பழையதைத் தூக்கிப் போடாதீர்கள்.

பேரிங், ஆயில் சீல்

இவற்றுக்கு டிராக்டர் கடைதான் வேண்டும் என்பதில்லை. பேரிங்கில் 6205 என்றிருந்தால் உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52 மி.மீ., அகலம் 15 மி.மீ. எந்தக் கம்பெனி தயாரித்தாலும் இதே அளவுதான். எண்ணுக்குப் பின்னால் உள்ள எழுத்துகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆயில் சீலில் 35-52-7 என்றிருந்தால் முறையே உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். எண் அழிந்திருந்தால் வெர்னியரில் அளந்து வாங்கலாம்.

என்ஜின் பாகங்கள்

இங்குதான் பணம் வீணாகிறது. ஏற்கெனவே போர் போட்ட என்ஜினில் ஸ்டாண்டர்டு பிஸ்டன் சேராது, ஓவர்சைஸ் வேண்டும். கிராங்க்கைக் கிரைண்டிங் செய்திருந்தால் அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் வேண்டும். லேத் பட்டறையில் மைக்ரோமீட்டரில் அளந்த பிறகே ஆர்டர் கொடுங்கள்.

கம்பெனி நின்றுபோன வண்டிகள்

எச்.எம்.டி. டிராக்டர் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016-ல் ஒப்புதல் அளித்தது. இந்த வண்டி வைத்திருப்பவர்கள் வெளிக் கம்பெனிப் பாகங்களையும், உடைத்து விற்கும் வண்டிகளையும்தான் நம்ப வேண்டும். போர்டு 3600 வைத்திருப்பவர்கள் பார்ம்டிராக் 60 பாகங்களையும் கேட்டுப் பாருங்கள். போர்டு வடிவமைப்பை ஒட்டி வந்த வண்டி என்பதால் சில பாகங்கள் சேரும். ஆனாலும் பழையதை அருகில் வைத்து ஒப்பிட்டே வாங்குங்கள்.

பழைய பாகம் வாங்கலாமா?

ரிம், பானட், மட்கார்டு, முன் அச்சு, கியர் பாக்ஸ் கூடு ஆகியவற்றைப் பழையதாக வாங்கலாம். அச்சிலும் கூட்டிலும் விரிசலோ வெல்டிங் அடையாளமோ இருக்கிறதா என்று மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துப் பாருங்கள். பிரேக் லைனிங், ஸ்டியரிங் பால் ஜாயின்ட், ஹைட்ராலிக் ஹோஸ் ஆகியவற்றை மட்டும் புதிதாகவே போடுங்கள். மேட்டில் டிரெய்லருடன் ஏறும்போது இவற்றில் ஒன்று விட்டுப்போனால் உயிருக்கே ஆபத்து.

‘சேராவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?’ என்று கேட்டு, பில்லோடு வாங்குங்கள். மாற்றிய பாகத்தின் எண், அளவு, தேதியை ஒரு நோட்டில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். அடுத்த முறை கடைக்குப் போனில் சொன்னாலே போதும்.