கண்டியில் பெண்கள் விளையாட்டு: பாடசாலை திறந்த வழியும் கழகங்களின் கடனும்

கண்டியின் விளையாட்டு வரலாறு என்றால் 1874இல் தோன்றிய கண்டி விளையாட்டுக் கழகம், நித்தவெல மைதானம், திரித்துவக் கல்லூரிக்கும் றோயல் கல்லூரிக்கும் இடையே 1945 முதல் நடந்துவரும் பிராட்பி கேடய றக்பிப் போட்டி ஆகியவையே முதலில் பேசப்படும். அந்தப் பேச்சில் பெண்களுக்கு இடம் குறைவு. ஆயினும் இதே நகரில் பெண்களின் விளையாட்டு மரபொன்று நூறாண்டு தாண்டி நிற்கிறது. அது வளர்ந்த விதத்தையும், அதில் ஆண்கள் எங்கே துணைநின்றனர், எங்கே ஒதுங்கினர் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பாடசாலை மதிலுக்குள்

மெதடிஸ்த மிஷன் 1879இல் நிறுவிய கண்டி பெண்கள் உயர்தரப் பாடசாலையே இம்மரபின் ஊற்று. 1917 மார்ச் 21இல் ஆசிரியை ஜெனி கல்வர்லி அங்கு தொடங்கிய பெண் சாரணியர் படையே இலங்கையின் முதலாவது படை. நாட்டின் முதல் வலைப்பந்தாட்டமும் 1921இல் அதே பாடசாலையில் சாரணியரால் ஆடப்பட்டது.

வலைப்பந்தாட்டம் இங்கு வேரூன்றியதற்கு ஆடுகளத்தின் அளவும் ஒரு காரணம் எனலாம். 30.5 மீட்டர் நீளமும் 15.25 மீட்டர் அகலமும் கொண்ட களம் பாடசாலை முற்றத்திலேயே அடங்கிவிடும். அணிக்கு எழுவர் போதும். பெரிய மைதானமும் வேண்டாம், கழகத்தின் தயவும் வேண்டாம். மகளை வெளியே அனுப்பத் தயங்கிய பெற்றோருக்கும் மதிலுக்குள் நடக்கும் ஆட்டத்தில் ஆட்சேபம் இருந்திருக்காது. இந்த வசதியே பின்னர் எல்லையாகவும் மாறியது. பெண்கள் பாடசாலைக்குள் ஆடினார்கள். ஊரின் கழகங்கள் ஆண்களுடையவையாகவே நீடித்தன.

இல்லாமற்போன நடுப்படி

கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் ஆடிய முத்தையா முரளிதரன், அடுத்துக் கொழும்பு தமிழ் யூனியன் கழகத்துக்காகவும் பின்னர் தேசிய அணிக்காகவும் பந்து வீசினார். பாடசாலை, கழகம், தேசிய அணி என்ற இந்த ஏணியில் பெண்களுக்கு நடுப்படி இருக்கவில்லை. பாடசாலையை விட்டதும் பலரின் விளையாட்டும் முடிந்தது. தொடர்ந்தவர்களுக்கு இராணுவம், கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் அணிகளும் வங்கி அணிகளுமே கைகொடுத்தன. விளையாட்டைத் தொடர வேண்டுமானால் சீருடையோ வங்கி வேலையோ தேட வேண்டிய நிலை இது.

கிரிக்கெட்டிலும் பெண்களின் வருகை பிந்தியே நிகழ்ந்தது. இலங்கை மகளிர் அணி தன் முதல் ஒருநாள் சர்வதேசப் போட்டியை 1997இலும் முதல் டெஸ்ட்டை 1998இலும் ஆடியது. முன்னாள் தேசிய விக்கெட் காப்பாளர் கை டி அல்விஸ் மகளிர் கிரிக்கெட்டின் பயிற்றுநராக உழைத்தது இக்காலத்தில் குறிப்பிடத்தக்கது. 2011 ஆடவர் உலகக் கிண்ண ஆட்டங்கள் நடந்த, கண்டிக்கு அருகிலுள்ள பல்லேகலை அரங்கில், 2022 ஜூலையில் இந்திய, இலங்கை மகளிர் அணிகள் மூன்று ஒருநாள் போட்டிகளில் மோதின.

வலல தரும் சான்று

கண்டிக்கு அருகே மெனிக்கின்ன பகுதியிலுள்ள வலல ஏ. ரத்நாயக்க மத்திய கல்லூரி இன்று மெய்வல்லுநர் வீராங்கனைகளுக்குப் பெயர்பெற்ற இடம். அங்கு பயிற்றுநர் சுசந்த பெர்னாண்டோவிடம் பயின்ற தருஷி கருணாரத்ன, 2023 ஜூலையில் பாங்கொக்கில் நடந்த ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 0.66 செக்கனில் ஓடித் தங்கம் வென்றார். அவ்வாண்டு ஒக்டோபர் 4இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவிலும் 2 நிமிடம் 3.20 செக்கனில் தங்கம் அவருக்கே. 2002க்குப் பின் அவ்விழாவின் மெய்வல்லுநர் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது.

800 மீட்டர் என்பது மைதானத்தை இரண்டு முறை சுற்றும் ஓட்டம். முதல் சுற்றில் வேகத்தை அளந்து செலவிடக் கற்பதற்கு ஆண்டுக்கணக்கான பயிற்சி தேவை. அத்தனை ஆண்டுகள் ஒரு பெண் பிள்ளை மைதானத்துக்கு வர, பயிற்றுநர்மீது பெற்றோருக்கு நம்பிக்கை இருக்க வேண்டும். பயிற்சி முடிந்து வீடு திரும்பும் வழி பாதுகாப்பாக இருக்க வேண்டும். ஆண் பயிற்றுநர் ஒருவரின் பொறுப்பு நேரங்காட்டியோடு முடிவதில்லை.

முடிவு

கண்டியில் ஆண்களின் துணை தனி ஆசிரியர்களாலும் பயிற்றுநர்களாலும் வந்தது. கழகங்கள் என்ற அமைப்பின் வழியாக வந்தது குறைவு. ஒரு நல்ல பயிற்றுநர் ஓய்வுபெற்றால் அவரோடு அந்த வாய்ப்பும் போய்விடக்கூடும். 2005க்குள் தீர்மானம் எடுக்கும் பதவிகளில் 20 வீதமாவது பெண்களுக்கு வேண்டுமெனச் சர்வதேச ஒலிம்பிக் குழு 1997லேயே கேட்டுக்கொண்டது. அந்த அளவுகோலை ஊர்க் கழகங்களின் நிர்வாகக் குழுக்களுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். மாலை வெளிச்சமுள்ள நேரத்தில் மைதானத்தில் பங்கு, பூட்டுள்ள உடைமாற்றும் அறை, குழுவில் வாக்குரிமையுள்ள இடம் ஆகிய மூன்றையும் தீர்மானிப்பவர்கள் இன்றும் பெரும்பாலும் ஆண்களே. ஆகவே அவற்றை எழுத்துமூல விதியாக்கும் கடமையும் முதலில் அவர்களுடையது.