கன்னிவாடி ஓட்டும் டெல்லி மேலவையும்

பழனிமலை அடிவாரத்துக் கன்னிவாடி, ஒரு காலத்தில் பாளையக்காரர்களின் ஊர். 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி 1921இல் டெல்லியில் மேலவை கூடியபோதும் நிலமும் பணமும்தான் பேசின. அதிகபட்சம் 60 உறுப்பினர்கள். பெருநிலக்கிழார், பெரும் வருமானவரி கட்டுவோர் போன்ற சிலருக்கே ஓட்டு. ஏர் பிடித்தவருக்கு அங்கே இடமில்லை.

1952 அதை மாற்றியது. அந்த ஆண்டு அமைந்த மாநிலங்களவையில் 216 பேர்: 204 பேர் தேர்வானவர்கள், 12 பேர் குடியரசுத் தலைவர் நியமித்தவர்கள். நியமனம் பெற்றவர்களில் ருக்மிணி தேவி அருண்டேலும் ஒருவர். பதவிக்காலம் ஆறு ஆண்டு. இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் விலக வேண்டும். முதலில் விலகுவது யார்? சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்தார்கள்!

இன்று தமிழகத்துக்கு 18 இடங்கள். ஆறு இடங்களுக்குப் போட்டி வந்தால், 234 எம்.எல்.ஏ.க்களில் 34 பேரின் முதல் விருப்ப வாக்கு ஒருவரை வெல்ல வைக்கும். கன்னிவாடி மக்கள் ஆத்தூர் தொகுதிக்கு அனுப்பும் எம்.எல்.ஏ.வும் அந்த 234இல் ஒருவர்.

வேட்பாளர் அந்தந்த மாநில வாக்காளராக இருக்கவேண்டும் என்ற விதியை 2003இல் நீக்கினார்கள். மாநிலங்களின் அவைக்கு அது பெரும் இழப்பு.